எதிர்வண்டி எங்கே வரும்?

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் 60 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். ஒரு முனையிலிருந்து எக்ஸ்பிரஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும், மறுமுனையிலிருந்து பாசஞ்சர் 40 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எப்போது சந்திக்கும்? பள்ளிக்கூடப் பிள்ளை இரண்டு வேகத்தையும் கூட்டி, 60ஐ 100ஆல் வகுத்து, 36 நிமிடம் என்று விடை எழுதிவிடும். விடை சரிதான். ரயில்வேயில் வேலை ஆரம்பிப்பதே அந்த விடைக்குப் பிறகுதான். 36ஆவது கிலோமீட்டரில் ஸ்டேஷன் கிடையாது, வயல்தான் இருக்கிறது. ஸ்டேஷன்கள் 30இலும் 42இலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 42இல் கிராசிங் வைத்தால் பாசஞ்சர் 27 நிமிடத்தில் வந்து சேர்ந்து, லூப் லைனில் 15 நிமிடம் நிற்க வேண்டும். 30இல் வைத்தால் எக்ஸ்பிரஸ் 15 நிமிடம் நிற்கும். எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் செக்‌ஷன் கண்ட்ரோலர். திருச்சி கோட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

கண்ட்ரோலரின் மேஜையில் ஒரு சார்ட் விரிந்திருக்கும். நேரம் இடமிருந்து வலமாகப் போகும். ஸ்டேஷன்கள் மேலிருந்து கீழாக, அவற்றுக்கிடையே உள்ள தூரத்துக்கு ஏற்ற இடைவெளியோடு நிற்கும். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தாக நிமிர்ந்தால் வண்டி வேகமாகப் போகிறது. கிடையாகப் படுத்தால் நின்றுவிட்டது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகளின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒரு ஸ்டேஷனின் கோட்டின் மேல்தான் விழ வேண்டும். ஓய்வுக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் சிலர் ‘காலமும் தூரமும்’ கணக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பரீட்சைக்காக யாரோ உட்கார்ந்து ஜோடித்த கணக்குகள் என்றே அவர்கள் அவற்றை நினைத்திருந்தார்கள். இவற்றை முதலில் கேட்டது யார், எதற்காகக் கேட்டார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்தது வேறு கதை. வண்டிக்காரனும் வரி வசூலிப்பவனும் பஞ்சாங்கம் கணிப்பவனும் தங்கள் வேலைக்காகப் போட்ட கணக்குகள் இவை.

மிகப் பழையவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை சீனத்தில் இருக்கின்றன. ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற நூல் ஹான் அரச காலத்தில் உருவானது, கி.பி. 263இல் லியூ ஹூய் அதற்கு உரை எழுதினார். அதன் ஆறாவது அத்தியாயம் வரியை நியாயமாகப் பங்கிடுவது பற்றியது. களஞ்சியத்திலிருந்து தூரத்தில் இருக்கும் ஊருக்குத் தானியம் கொண்டுவரும் செலவு அதிகம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வரி போட வேண்டும். அப்படியானால் வண்டி ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

அங்கே வரும் கணக்கு ஒன்று. வெறும் வண்டி நாளுக்கு 70 லீ போகும். பாரம் ஏற்றிய வண்டி 50 லீ. பெருங்களஞ்சியத்திலிருந்து ஷாங்லின் என்ற இடத்துக்கு 5 நாளில் 3 நடை போய்வந்திருக்கிறார்கள். தூரம் எவ்வளவு? 70க்கும் 50க்கும் நடுவே 60 என்று சராசரி எடுத்தால் 50 லீ என்று வரும். அது தவறு. பாரவண்டி மெதுவாகப் போவதால் அதிக நேரத்தை அதுதான் எடுத்துக்கொள்கிறது; ஆகவே உண்மையான சராசரி 60ஐ எட்டாது. இதை நேராகப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 175 லீ என்றால் வெறும் வண்டிக்கு இரண்டரை நாள், பாரவண்டிக்கு மூன்றரை நாள், ஆகப் போய்வர 6 நாள். அதே வீதத்தில் 5 நாளில் 145 5/6 லீ தூரத்துக்குப் போய்வரலாம். மூன்று நடைக்குப் பங்கிட்டால் 48 11/18 லீ. நூலில் இருக்கும் விடையும் அதுதான். 50க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். கூட்ஸ் வண்டிகள் பாரத்தோடு போய்க் காலியாகத் திரும்புவதைத் தினமும் சார்ட்டில் இழுத்தவனுக்கு அது சிறியதல்ல. இன்றைக்குப் போட்டித் தேர்வில் ‘போகும்போது 40, வரும்போது 60, சராசரி என்ன?’ என்று கேட்டால் பாதிப் பேர் 50 என்று குறித்துவிட்டு வருகிறார்கள். விடை 48. அந்த வரிக் கணக்கன் பிடித்துவைத்த அதே இடத்தில்தான் இவர்கள் சறுக்குகிறார்கள்.

அதே அத்தியாயத்தில் விருந்தாளி கணக்கு ஒன்றும் உண்டு. நாளுக்கு 300 லீ போகும் குதிரையில் விருந்தாளி கிளம்புகிறார். உடுப்பை மறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகுதான் வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். குதிரையில் துரத்திப் போய்க் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது நாளில் முக்கால் பங்கு ஆகியிருக்கிறது. அவருடைய குதிரை நாளுக்கு எவ்வளவு போகும்? போகவும் வரவும் ஆன நேரம் முக்காலில் மூன்றிலொன்று போக மிச்சம், அதாவது 5/12 நாள். ஒரு வழிக்கு 5/24. அதற்குள் விருந்தாளி பயணம் செய்த மொத்த நேரம் 13/24 நாள். தூரம் 162 1/2 லீ. அதை 5/24 நாளில் கடந்த குதிரையின் வேகம் 780 லீ. துரத்திப் போனவர் திரும்பி வந்த நேரத்தைக் கொண்டு இத்தனையையும் எடுத்துவிடலாம் என்று கண்டவர் சாதாரண ஆள் அல்ல.

தென்கடலிலிருந்து வடகடலுக்குக் காட்டுவாத்து 7 நாளில் பறக்கும். வடகடலிலிருந்து தென்கடலுக்குக் காட்டு அன்னம் 9 நாளில் பறக்கும். ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திக்கும் என்பதும் அந்த நூலில் இருக்கிறது. தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆனாலும் விடை கிடைக்கும். 63 நாள் பறந்தால் வாத்து 9 தடவையும் அன்னம் 7 தடவையும் அந்தத் தூரத்தைக் கடந்திருக்கும், சேர்ந்து 16. ஒரு தடவை சேர்ந்து கடக்க ஆகும் நாளுக்கு 63ஐ 16ஆல் வகுக்க வேண்டும். மூன்று நாளும் முக்காலே மூணு வீசமும். எக்ஸும் இல்லை, சமன்பாடும் இல்லை. எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வழியைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறது.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், 1881இல் பெஷாவர் அருகே பக்ஷாலி என்ற ஊரில் மண்ணுக்கடியில் கிடைத்த பூர்ஜமரப்பட்டைச் சுவடி இருக்கிறது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பாதுகாக்கிறார்கள். ஒருவன் நாளுக்கு 5 யோசனை நடக்கிறான். அவன் போய் 7 நாள் கழித்து இன்னொருவன் நாளுக்கு 9 யோசனை வீதம் கிளம்புகிறான். எப்போது பிடிப்பான் என்று அது கேட்கிறது. 35 யோசனை முன்னால் போய்விட்டவனை நாளுக்கு 4 யோசனை நெருங்கினால் எட்டே முக்கால் நாள்.

இதைவிட முக்கியமானது ஆரியபட்டரின் சூத்திரம். கி.பி. 499இல், தம் 23ஆம் வயதில், ஆரியபட்டீயத்தை எழுதினார். அதன் கணிதபாதத்தில் 31ஆவது பாடல், எதிரெதிரே வரும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் போகும் இரண்டுக்கும் இடையே உள்ளதை வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுக்கச் சொல்கிறது. நம் பாடநூலில் ‘சார்பு வேகம்’ என்ற தலைப்பில் இருக்கும் மொத்தமும் இந்தச் சிறு பாடலுக்குள் இருக்கிறது. அவர் ஆட்களையோ வண்டியையோ சொல்லவில்லை. வானத்துக் கோள்களைப் பற்றியே எழுதினார். கிடைக்கும் காலம் சந்திப்பு நடந்து முடிந்த காலமாகவும் இருக்கலாம், இனி நடக்கப்போகும் காலமாகவும் இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார். பின்னால் போகிறவன் மெதுவானவனாக இருந்தால் இனிமேல் பிடிக்க மாட்டான்; முன்பு எப்போதோ இருவரும் ஒரே இடத்தில் இருந்திருப்பார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியப் பாடநூல்களில் ‘இரண்டு தூதர்கள்’ கணக்கு புகழ்பெற்றது; விடை சைபருக்குக் கீழே வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை அதை வைத்துத்தான் விளக்கினார்கள். அந்த விளக்கம் ஆரியபட்டரிடம் ஏற்கெனவே இருந்தது.

வானத்தில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது என்று கேட்டால், நம் வீட்டுக் காலண்டரைக் கிழித்துப் பார்த்தாலே போதும். சந்திரன் நாளுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது, சூரியன் ஏறத்தாழ 1 பாகை. வித்தியாசம் 12 பாகை. இந்த 12 பாகை இடைவெளிதான் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் 360 பாகை, அடுத்த அமாவாசை. சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சொச்சமும் ஆகிறது. ஆனால் அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டதால் அதைப் பிடிக்க இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. அமாவாசை ஒரு துரத்தல் கணக்கு. தர்ப்பணம் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அந்த விடை பயன்படுகிறது.

இந்தக் கணக்கை நம் ஊர் ஆட்கள் எப்படிப் போட்டார்கள் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் 1825இல் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, 1825 மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். எழுதுகோல் இல்லை, ஏடு இல்லை. தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் விலகியிருந்தன. சோழியை நகர்த்தி, கண்ணுக்குத் தெரியாத நிழலைச் சந்திரன் எப்போது தொடும் என்று 4 நிமிடத்துக்குள் சொன்ன அந்த மனிதரை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். தாமதமான ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு எப்போது வரும் என்று டெலிபோனும் சார்ட்டும் கையில் இருந்தும் அத்தனை நெருக்கமாகச் சொல்ல முடியாத இரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் இருந்த சமணர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரி சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த எம். ரங்காசாரியார் அதைப் பதிப்பித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912இல் சென்னை அரசாங்கம் அச்சிட்டது. அதில் ஒரு கருநாகம் புற்றுக்குள் நுழைகிறது. 5/14 நாளில் ஏழரை அங்குலம் உள்ளே போகிறது. அதே சமயம் கால் நாளுக்கு இரண்டே முக்கால் அங்குலம் வீதம் அதன் வால் வளர்ந்துகொண்டே இருக்கிறது. முழுவதும் எப்போது நுழையும்? பின்னங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாளுக்கு 21 அங்குலம் நுழைகிறது, 11 அங்குலம் வளர்கிறது, மிச்சம் 10. அதன் பிறகு நீளத்தை 10ஆல் வகுத்தால் முடிந்தது. ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் கணக்கில் வண்டியின் நீளத்தைச் சேர்க்க மறந்துவிடும் பிள்ளைகளுக்கு நான் இந்தப் பாம்பைத்தான் காட்டுகிறேன். பாம்புக்கு வால் உண்டு என்பது யாருக்கும் மறப்பதில்லை.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணக்கு வேறு திசையில் போனது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று அங்கே மனப்பாடம் செய்தவை பொன்னையும் நெல்லையும் நிலத்தையும் அளப்பதற்கானவை. தூரத்தைக் காதத்தாலும் பொழுதை நாழிகையாலும் சொன்னார்கள். ஊர்க் கணக்கனுக்கு வேண்டியது குழியும் மரக்காலும். ஓடுவதைக் கணக்கிட வேண்டிய தேவை பஞ்சாங்கக்காரருக்கு இருந்த அளவுக்கு ஊர்க் கணக்கனுக்கு இல்லை. தேவை எங்கே இருந்ததோ அங்கே கணக்கு வளர்ந்தது.

ஐரோப்பாவில் சார்லமேன் மன்னரின் அவையில் ஆசிரியராக இருந்து 804இல் இறந்த அல்குயின் பெயரால் வழங்கும் புதிர்த் தொகுப்பில் நாயும் முயலும் வருகின்றன. 150 அடி இடைவெளி. நாய் பாய்ச்சலுக்கு 9 அடி, முயல் 7 அடி. 75 பாய்ச்சலில் பிடிக்கும். கணக்கு எளிது. ஆனால் ‘தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்’ என்று எழுத ஐரோப்பியர் நெடுங்காலம் தயங்கினார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. யூக்ளிட் வழியில் படித்தவர்களுக்கு விகிதம் என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டுக்கு நடுவேதான். நீளத்தை நீளத்தோடு ஒப்பிடலாம், நேரத்தை நேரத்தோடு ஒப்பிடலாம், நீளத்தை நேரத்தால் வகுக்கக் கூடாது. 1638இல் கலிலியோ வெளியிட்ட ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில்கூட, வேகம் சமமானால் தூரங்களின் விகிதம் நேரங்களின் விகிதத்துக்குச் சமம் என்கிற மாதிரித் தேற்றங்கள்தான் இருக்கின்றன. இன்று ஏழாம் வகுப்பில் முக்கோணம் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் சூத்திரத்தைக் கலிலியோ அந்த வடிவில் எழுதவே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு பிள்ளை முதல் நாளில் புரிந்துகொள்ளவில்லை என்றால் அதை மந்தம் என்று திட்டுவது அநியாயம்.

பிறகு ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 63 மைல் ஓடியது. 1870இல் ஜபல்பூரில் இரண்டு கம்பெனிகளின் பாதைகள் இணைந்து பம்பாயும் கல்கத்தாவும் ஒரே தண்டவாளத்தால் சேர்ந்தன. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியன், அதனதன் மணி. கல்கத்தாக் கடிகாரம் பம்பாய்க் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் முந்தியது. உள்ளூர் மணியை நம்பினால் கிழக்கே போகும் வண்டி மெதுவாகவும், அதே வண்டி மேற்கே திரும்பும்போது வேகமாகவும் ஓடியதாகக் கணக்கு வரும். வேகக் கணக்குக்கு முதலில் வேண்டியது இரண்டு முனையிலும் ஒரே கடிகாரம்.

ரயில்வே தேர்ந்தெடுத்தது சென்னை நேரத்தை. 1792இல் எழுந்த சென்னை வானாய்வகம் அதைத் தந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவே, ஒன்றிலிருந்து அரை மணி முன்னும் மற்றதிலிருந்து அரை மணி பின்னுமாக அது அமைந்தது. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை இந்திய ரயில்கள் சென்னையின் மணிக்குத்தான் ஓடின. சோழிக் கிரகணத்தைப் பதிவு செய்த வாரன், அதற்கு முன்பு அதே வானாய்வகத்தில் பொறுப்பு வானியலாளராக இருந்தவர். கோள் எங்கே நிற்கிறது என்று பார்த்த கண்ணாடிகளே வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் மணியையும் கொடுத்தன.

என் மேஜைச் சார்ட்டின் மூதாதையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். பிரான்சில் இப்ரி என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் வரைபடத்தை, உடலியல் அறிஞர் மாரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் நூலில் வெளியிட்டுப் பரவலாக்கினார். பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடும் ஒரு நாளைய வண்டிகள் எல்லாம் அதில் சாய்கோடுகள். பாடநூல்களிலும் குதிரை வண்டியின் பக்கத்தில் ரயில் வந்து உட்கார்ந்தது. 1885இல் வெளியான ஹால், நைட் இருவரின் இயற்கணித நூல் நம் நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை புழங்கியது. ரயில் கணக்குகள் அதன் வழியாக நம் தாத்தாக்களின் நோட்டில் ஏறின. சமன்பாட்டின் பலமும் அங்கே தெரிந்தது. வாத்துக்கு ஒரு வழி, விருந்தாளிக்கு ஒரு வழி, பாம்புக்கு ஒரு வழி என்று தனித்தனியாக யோசிக்காமல், தெரியாததை எக்ஸ் என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே முறையில் போட அது வழி செய்தது. அந்தப் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்று கோச்சிங் வகுப்புகளில் நடப்பது அந்த இயற்கணிதமும் அல்ல. மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக்க 5/18, எதிர்த்திசை என்றால் கூட்டு, ஒரே திசை என்றால் கழி என்று ஷார்ட்கட் மட்டும் கொடுக்கிறார்கள். ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டால் பல பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்கிறார்கள் என்ற ஒரே வாக்கியம் போதும். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒற்றைப் பாதையில் கிராசிங் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்து வேலை பார்த்தவன் என்பதால், புரியாமல் வரும் சரியான விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கணக்கு ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சூத்திரத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன்பு, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கிராஃப் தாளையும் உங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகப் போகும் வண்டிகளின் கால அட்டவணையையும் கொடுங்கள். ஸ்டேஷன்களை ஓரத்தில் எழுதி, நேரத்தை அடியில் குறித்து, காலையில் மேலே போகும் ஒரு வண்டியையும் கீழே வரும் ஒரு வண்டியையும் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். கோடுகள் எந்த ஸ்டேஷனில் வெட்டுகின்றன, எந்த வண்டி அங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அவர்களே சொல்லட்டும். சூத்திரத்தை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.